கப்பி வளர்ப்பு: தண்ணீர் பழக்குவதிலிருந்து குட்டி பிரிப்பது வரை

வாங்கி வந்த ஒரு வாரத்துக்குள் கப்பி என்ற சின்ன வண்ண மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தால் பெரும்பாலும் கோளாறு தண்ணீரில்தான் இருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் மீன் மூன்றாவது படியில்தான் வருகிறது.

படி 1: தொட்டி

40 லிட்டர் பிடிக்கும் தொட்டி போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பொருத்துங்கள். அது குட்டிகளை உள்ளே இழுக்காது, நீரோட்டமும் மென்மையாக இருக்கும். பெரிய வால் உள்ள ஃபேன்சி கப்பிகள் வேகமான ஓட்டத்தில் களைத்துவிடும். கப்பி துள்ளும், ஆகவே மூடி கட்டாயம். ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி ஒரு கைப்பிடி போடுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். குளிர் அதிகமென்றால் ஹீட்டர் வேண்டும்.

படி 2: தண்ணீரைப் பழக்குதல்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் ஓரளவு வரை கெடுதல் செய்யாது. இந்த பாக்டீரியா ஸ்பாஞ்சில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் நீக்கிய தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள்; மீன் இல்லாத தொட்டியில் அது அழுகித்தான் அம்மோனியா வரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கப்பிக்குச் சற்றுக் கடினமான நீர்தான் பிடிக்கும். பிஹெச் 7 முதல் 8 வரை இருந்தால் அதைத் திருத்தப் போய் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: மீன்

ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண். ஆண்கள் ஓயாமல் துரத்தும் என்பதால், பெண்கள் குறைந்தால் அவை ஓய்வில்லாமல் மெலியும். துடுப்பை மடக்கி வைத்திருப்பது, வயிறு ஒட்டியது, ஆசனவாயில் சிவப்பு நூல் போலப் புழு தொங்குவது, இவற்றை வாங்க வேண்டாம். மாஸ்கோ ப்ளூவோ கோப்ராவோ, ஒரே ரகமாக எடுங்கள். பல ரகங்களைக் கலந்து வளர்த்தால் சில தலைமுறைகளில் அந்த ரகத்தின் அழகு கலைந்துபோகும்.

தீனி நாளைக்கு இருமுறை, ஓரிரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

படி 4: குட்டி

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். சினைக்காலம் சுமார் நான்கு வாரம். பெண்ணின் வயிற்றின் பின்பக்கக் கரும்புள்ளி அடர்ந்து, வயிறு பெட்டி போலச் சதுரமானால் நேரம் நெருங்கிவிட்டது. அப்புறம் அதை மாஸ் நிறைந்த தனித் தொட்டிக்கு மாற்றி, குட்டி போட்டதும் உடனே எடுத்துவிடுங்கள். தாயே குட்டிகளைத் தின்னும். சின்னஞ்சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தாய் மிரண்டுபோகும்.

குட்டிக்குச் சிறந்த தீனி அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் இறால் போன்ற சின்னஞ்சிறு உயிரி. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 25 கிராம் உப்புக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டுக் காற்று விட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தில் கூடும். அவற்றை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். கிடைக்காவிட்டால் மாவாகப் பொடித்த தீனி போதும்.

படி 5: பிரித்தல்

ரகத்தைக் காப்பாற்றும் வேலை இங்கேதான் இருக்கிறது. பெண் கப்பி ஒருமுறை இணைந்தாலே விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் வாங்கும் பெண் ஏற்கெனவே எந்த ஆணோடு இணைந்ததோ தெரியாது. ஆகவே நம்பகமான ஜோடி வேண்டுமென்றால் இணையாத பெண்கள் தேவை.

மூன்றாவது வாரத்திலிருந்தே குட்டிகளை வெளிச்சத்தில் கவனியுங்கள். பெண்ணுக்கு அடிவயிற்றுப் புள்ளி தெரியும், குதத்துடுப்பு விசிறி போல இருக்கும். ஆணுக்கு அதே துடுப்பு குச்சி போலக் கூராகும். நான்காவது வாரத்துக்குள் பெண்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். சந்தேகமானதை ஆண் தொட்டியிலேயே விடுங்கள், தவறி ஓர் ஆண் பெண்களிடம் போய்விட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

முதலில் நிறம் பிடித்த ஆணைத் தேர்ந்தெடுக்க ஆசை வரும், பொறுங்கள். ஆண் கப்பி முதிர்ந்ததும் அதன் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். சீக்கிரம் முதிர்ந்தது சிறியதாகவே நிற்கும். வால் முழுதாக விரியும்வரை காத்திருந்து, முதுகுத்துடுப்பு அகலமாகவும் உடல் பருமனாகவும் இருப்பதை எடுங்கள். ஆணின் நிறக்கூறுகளில் பல ஒய் குரோமோசோம் வழியே மகனுக்குப் போகின்றன. ஆனாலும் வால், அடிநிறம் இரண்டிலும் தாயின் பங்கு பெரிது, எனவே பெண்ணையும் அதே கவனத்தோடு பொறுக்குங்கள்.

தேர்வில் கழிந்த ஆண்களைத் தனித் தொட்டியில் வளர்க்கலாம், அல்லது வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கலாம். குளத்திலோ ஓடையிலோ மட்டும் விடாதீர்கள்; கப்பி தன் சொந்த மண்ணான தென் அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்குகிறது.