சிறிய மத்திய மேற்கு நகரத்தில் தரவு மையம்: இடத்தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் தரவு மையங்கள், அதாவது இணையச் சேவைகளை இயக்கும் கணினிகள் நிறைந்த பெரும் கட்டடங்கள், சிகாகோவை விட்டுச் சிறு நகரங்களுக்கு நகரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸில் கூகுள் 2007-இலேயே தன் மையத்தை அறிவித்தது. அதே மாநிலத்தின் ஆல்டூனாவில் ஃபேஸ்புக்கின் மையம் 2014-இல் திறக்கப்பட்டது. அடுத்த நகரத்தை மதிப்பிட வருபவர்கள் இந்த வெற்றிகளையும், நகரத்தைப் பற்றிய சில சராசரி எண்களையும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆண்டுச் சராசரி வெப்பநிலை, சராசரி மின்கட்டணம், சராசரி மழையளவு ஆகிய மூன்றும் அழகாகத் தெரியும் அட்டவணையில்தான் பெரும்பாலான தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலும் பெரியதுமான தவறு மின்சாரத்தில் நேர்கிறது. உள்ளூர் மின் நிறுவனம் தரும் "மின்சாரம் வழங்க இயலும்" என்ற கடிதத்தை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை மெகாவாட், புதிய கம்பித் தடத்துக்கும் மின்மாற்றிக்கும் யார் பணம் தருவது என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. பெரிய மின்மாற்றி கைக்கு வரவே ஆண்டுக்கணக்கில் ஆகும் காலம் இது. ஒஹாயோவின் மையப் பகுதியில் ஏஇபி ஒஹாயோ நிறுவனம் 2023 மார்ச்சில் புதிய தரவு மைய இணைப்புகளை நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஏற்ற புதிய கட்டண முறைப்படி, அங்கே பெரிய தரவு மையம் தான் கேட்ட மின்சாரத்தில் குறைந்தது 85 விழுக்காட்டுக்கு, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், 12 ஆண்டுகள் வரை பணம் கட்டியாக வேண்டும். எதிர்காலத் தேவையை மிகைப்படுத்திக் கேட்டுவைக்கும் பழக்கம் உள்ள நிறுவனங்களுக்கு இது பெரும் சுமை. என் பார்வையில் நியாயமான சுமையும்கூட.

இதனோடு ஒட்டிய இன்னொன்று, அந்த நகரம் எந்த மின்தொகுப்பைச் சேர்ந்தது என்று பார்க்காமல் விடுவது. பல மாநிலங்களுக்குப் பொதுவாக மின்சாரத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் இத்தொகுப்புகளில், இல்லினாயின் வடபகுதி பிஜேஎம் தொகுப்பிலும் எஞ்சிய பெரும்பகுதி மைசோ தொகுப்பிலும் உள்ளன. இந்தியானாவும் இவ்வாறே பிரிந்து கிடக்கிறது. தேவை உச்சத்தைத் தொடும் நேரத்துக்கென மின்திறனை இருப்பில் வைப்பதற்கான ஏல விலை பிஜேஎம்மில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்து, 2025–26-க்கு 269.92 டாலராக உயர்ந்தது. மைசோவில் கோடைக்கால விலை ஒரே ஆண்டில் 30 டாலரிலிருந்து 666.50 டாலருக்குத் தாவியது. கடந்த ஐந்தாண்டுச் சராசரிக் கட்டணத்தை வைத்து அடுத்த இருபதாண்டுக் கணக்குப் போடுபவருக்கு இந்த எண்களே போதிய எச்சரிக்கை.

தண்ணீரைப் பற்றிய தவறு நுட்பமானது. ஆறுகளும் பெரிய ஏரிகளும் நிறைந்த பகுதியில் நீருக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் ஐயோவாவின் வெஸ்ட் டெமாயின் நகரில் மைக்ரோசாஃப்டின் மையங்கள் 2022 ஜூலை மாதத்தில் மட்டும், கணினிகளைக் குளிர்விக்க, ஏறத்தாழ 4.35 கோடி லிட்டர் நீரை எடுத்துக்கொண்டன. அது அந்த நீர் வட்டாரத்தின் மொத்தப் பயன்பாட்டில் சுமார் 6 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் சிறியதாகத் தெரியும் தேவை, வெப்பம் மிகுந்த ஒரே மாதத்தில் இப்படிக் குவிகிறது. நீரின் தரமும் கணக்கில் வர வேண்டும். 2025 ஜூனில் டெமாயின் வட்டாரத்தில் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சத் தடை வந்தது வறட்சியால் அன்று, ஆற்று நீரில் நைட்ரேட் மிகுந்ததால். ஆற்றில் வெள்ளமிருந்தும் குழாயில் தட்டுப்பாடு வரலாம் என்பதை இந்த விவசாய மாநிலங்கள் காட்டுகின்றன. பெரிய ஏரிகளின் அருகில் இருப்பதும் உரிமையாகிவிடாது: 2008-இல் நடைமுறைக்கு வந்த பெரிய ஏரிகள் உடன்படிக்கை, ஏரிகளுக்குள் நீர் வடியும் வடிநிலப் பகுதிக்கு வெளியே நீரைக் கொண்டுசெல்வதைப் பொதுவாகத் தடை செய்கிறது. மிச்சிகன் ஏரிக்குச் சில மைல் தொலைவிலேயே அந்த எல்லைக்கோடு ஓடும் இடங்கள் விஸ்கான்சினில் உண்டு.

பேரிடர் வரலாற்றைப் பொறுத்தவரை, "புயல் இல்லை, பெரும் நிலநடுக்கம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். 2020 கணக்கெடுப்பில் சுமார் 1.37 லட்சம் மக்களைக் கொண்டிருந்த ஐயோவாவின் சீடார் ரேப்பிட்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதுவரை 20 அடியே உச்சமாக இருந்த சீடார் ஆறு, 2008 ஜூன் மாதத்தில் 31.12 அடிக்கு உயர்ந்து நகரத்தின் பத்துச் சதுர மைல் பரப்பை மூழ்கடித்தது. 2020 ஆகஸ்ட் 10-இல் டெரேச்சோ எனப்படும் நேர்க்கோட்டுச் சூறைக்காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் அடித்ததாக மதிப்பிடப்பட்டது; நகரம் ஏறக்குறைய முழுவதும் இருளில் மூழ்கி, பலருக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேலானது. இந்த இரண்டும் தெரிந்தே, 2024-இல் கூகுளும் தரவு மைய நிறுவனமான க்யூடிஎஸ்ஸும் அங்கே முதலீட்டை அறிவித்தன. ஆகவே இந்த வரலாறு ஒரு நகரத்தை நிராகரிக்கச் சொல்வதில்லை. 48 மணி நேரத்துக்கு டீசல் இருந்தால் போதுமா, மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்ட நகருக்குள் எரிபொருள் வண்டி எந்த வழியாக வரும், கைபேசிக் கோபுரங்களும் விழுந்த நேரத்தில் பணியாளர்களை எப்படி அழைப்பது என்ற கேள்விகளுக்கு விடை கேட்கச் சொல்கிறது.

கண்ணாடி இழைக் கேபிளில் ஏமாறுவது எளிது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினால் இரண்டு வழிகள் கிடைத்துவிட்டதாக எண்ணுகிறோம். இரண்டும் ஒரே இரயில் பாதையோரக் குழாயிலோ, மிசிசிப்பியைக் கடக்கும் ஒரே பாலத்திலோ போகலாம். தட வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. தரவு போய்வரும் தாமதத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படத் தேவையில்லை: கண்ணாடி இழையில் நூறு கிலோமீட்டருக்குப் போய்வர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும், எனவே சீடார் ரேப்பிட்ஸிலிருந்து சிகாகோவின் இணைப்பு மையங்களை எட்டும் தாமதம் பெரும்பாலான பணிகளுக்குத் தடையாகாது.

குளிர்ந்த காற்றாலேயே ஆண்டு முழுவதும் குளிர்வித்துவிடலாம் என்பதும் பாதி உண்மைதான். ஜூலை, ஆகஸ்டில் சோளக்காடுகள் வெளிவிடும் ஈரத்தால் ஐயோவாவின் காற்று கனத்துப்போகிறது. நீர் ஆவியாதலை நம்பும் குளிர்விப்புக் கருவிகளுக்கு அந்த வாரங்களே உண்மையான தேர்வு.

வரிச்சலுகையைக் கடைசியில் பார்க்க வேண்டும், ஏனெனில் அண்டை மாநிலங்களும் அதையே தருகின்றன. ஊர் மக்களை அப்படிக் கடைசிக்குத் தள்ள முடியாது. மிசௌரியின் செயின்ட் சார்ல்ஸ் நகரம், பெயர் வெளியிடாத நிறுவனம் ஒன்றின் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2025 ஆகஸ்டில் புதிய தரவு மையங்களுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. விஸ்கான்சினின் காலிடோனியாவில் மைக்ரோசாஃப்டே பின்வாங்கியது. இரகசிய ஒப்பந்தத்தில் நகர அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிலப் பயன்பாட்டு மண்டல அனுமதிக்கு ஊர்க் கூட்டத்தில் முதன்முதலாக முகம் காட்டும் பழக்கம் இனி எடுபடாது. அனுமதி இழுபடும் மாதங்களையும் மின்சாரம் வரும் ஆண்டையும் நிலத்துக்கான முன்பண ஒப்பந்தத்தின் காலக்கெடுவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தேவையான நீட்டிப்பு உரிமைகளை நிலச் சொந்தக்காரரிடம் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. செய்தி கசிந்த பிறகு அந்த உரிமையின் விலை வேறாக இருக்கும்.