எச்-4 பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரே வகுப்புக்கு இரண்டு கட்டணம் உண்டு. மாநிலத்தவருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளியார் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலரைத் தாண்டும். பெற்றோர் எச்-1பி வேலை விசாவிலும் பிள்ளை அதைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருக்க, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலோ பல வருடமாக வரி கட்டும் தமிழ்க் குடும்பம், உள்மாநிலக் கட்டணம் நமக்கு உறுதி என்று நிம்மதியாக இருக்கிறது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் தாங்களே கையெழுத்துப் போட்டு அந்தச் சலுகையைத் தொலைப்பவர்களும் உண்டு.

எப்படி என்றால், தேவையே இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுவதால்தான். கல்லூரிக்குப் போனால் மாணவர் விசா வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வேண்டியதில்லை. எச்-1பி ஊழியரின் பிள்ளை எச்-4 நிலையிலேயே முழுநேரப் பட்டப்படிப்பு படிக்கலாம். எஃப்-1 வாங்குபவரோ, தாய்நாட்டில் தமக்கு வசிப்பிடம் இருக்கிறது, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று காட்டியாக வேண்டும். அப்படிச் சொன்ன கையோடு, டெக்சாஸ்தான் என் நிலையான வசிப்பிடம் என்று கல்லூரியில் எழுதித்தர முடியாது. எச்-1பிக்கும் எச்-4க்கும் அந்த நிபந்தனை கிடையாது. அதனால்தான் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் எச்-4 மாணவரை மாநிலத்தவராக ஏற்கின்றன. எஃப்-1 மாணவரை, இங்கேயே வளர்ந்தவராக இருந்தாலும், வேறு தட்டில் வைத்து எடைபோடுகின்றன. தற்காலிக விசா என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரையும் ஒதுக்கிவிட முடியாது என்பது மேரிலாந்து பல்கலைக்கழக வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த விஷயம். அது ஜி-4 விசாவில், அதாவது சர்வதேச அமைப்புகளின் ஊழியர்களாக வந்தவர்களின் பிள்ளைகள் தொடுத்த வழக்கு.

எஃப்-1க்கு மாறியே தீர வேண்டிய நாள் ஒன்று வரும்: 21ஆவது பிறந்தநாள். அன்றோடு எச்-4 முடிகிறது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகரும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த நாள் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டுப் படிப்பின் நடுவில் வருகிறது. அப்போது கட்டணம் என்னவாகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சேரும் முன்பே பதிவாளர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பள்ளியிலேயே ஏபி எனும் கல்லூரி நிலைத் தேர்வுகளை எழுதிப் பட்டத்துக்கான கிரெடிட் சேர்த்து, கோடைக்கால வகுப்புகளும் எடுத்து ஓராண்டு முன்னதாகப் படிப்பை முடிக்கும் வழியும் இருக்கிறது. என் கணக்கில் இதைவிட லாபமான திட்டம் இல்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று ஐ-94, அதாவது எந்த நாள் வரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளோடு ஐ-94 தேதியையும் அதிகாரி முடித்துவிடுவது வழக்கம். இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடம்தான் செல்லும். ஆகவே அப்பாவின் ஐ-94 இன்னும் ஒன்றரை வருடம் ஓடும்போது மகளுடையது மார்ச் மாதமே முடிந்திருக்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அது தானாக நீளாது. தேதி முடியும் முன் நீட்டிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அப்பாவின் எச்-1பி ஒப்புதல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரி ஆவணம் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வந்ததும் சுங்கத்துறை இணையதளத்தில் பிள்ளையின் ஐ-94ஐத் திறந்து பாருங்கள்.

மூன்று வருடம் கலிபோர்னியாவில் பள்ளிப் படிப்பு இருந்தால் உள்மாநிலக் கட்டணத்துக்கு அது போதும் என்று அம்மாநிலத்தின் ஏபி 540 சட்டத்தைக் காட்டுபவர்களும் உண்டு. 2001இல் வந்த அந்தச் சட்டம் ஆவணமில்லாத மாணவருக்கு உதவும். செல்லுபடியாகும் எச்-4 வைத்திருப்பவருக்கு உதவாது. விசித்திரம்தான், ஆனால் விதி அது. எச்-4 பிள்ளை ஓராண்டுக்கு மேல் வசித்ததை நிரூபிக்கும் வழக்கமான வழியில்தான் போக வேண்டும். டெக்சாஸிலும் அதே 2001இல் வந்த சலுகைச் சட்டத்தை, சட்டபூர்வமாகத் தங்கியிராதவர்களுக்குப் பொருந்தாதபடி 2025 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்துவிட்டது. எச்-4 மாணவரை அந்த உத்தரவு தொடவில்லை. என்றாலும் சட்டபூர்வ நிலையைக் காட்டும் தாள்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

ஊரிலிருந்து எம்.எஸ். படிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், சித்தப்பா வீட்டு முகவரி, ஒரு வருட வாசம் எதுவும் எஃப்-1 மாணவரை மாநிலத்தவராக்காது. அந்த நேரத்தில் பேராசிரியர்களுக்கு எழுதி உதவியாளர் வேலை தேடுங்கள். பல துறைகளில் கட்டணத் தள்ளுபடி அதோடு சேர்ந்தே வரும்.

இந்தத் தவறுகள் பெரும்பாலும் பணத்தோடு போகும். அப்படிப் போகாதது ஒன்று இருக்கிறது. எச்-4 மாணவருக்குக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. அதை வாங்கவோ கட்டணத்தைக் குறைக்கவோ விண்ணப்பத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தை டிக் செய்தால், பிற்காலத்தில் கிரீன் கார்டுக்கான கதவே நிரந்தரமாக மூடிவிடலாம். பிள்ளை விண்ணப்பத்தை நிரப்பினாலும், அனுப்பும் முன் அந்தப் பக்கத்தைப் பெற்றோர் ஒருமுறை படித்துவிட வேண்டும்.