கத்தரிக்காய் எண்ணெய் குடிக்காமல் இருக்க

கத்தரிக்காயை வதக்குவதற்கு முன் இட்லித் தட்டில் வைத்து 5 நிமிடம் ஆவி காட்டுங்கள். கால் கிலோ காய்க்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு அதன் பிறகு 2 தேக்கரண்டியே போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதே கணக்குதான், நல்லெண்ணெய்க்குத் தனிச் சலுகை இல்லை.

கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது, உள்ளே முழுக்கக் காற்று அறைகள். பச்சையாகப் போட்டால் அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்ளும். சட்டி காய்கிறதே என்று நாம் மேலும் ஊற்றுவோம். ஆவியில் சதை சுருங்கி அறைகள் அடைபட்டுவிடுவதால் எண்ணெய் மேற்பரப்போடு நிற்கும்.

நாலாகப் பிளந்த பிஞ்சுக் காய்க்கு 5 நிமிடம், நறுக்கிய துண்டுக்கு 3. அதைத் தாண்டினால் கிண்டும்போது குழைந்துவிடும். எடுத்ததும் தட்டில் பரப்பி, ஈரம் போக ஆறவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், காயும் சிவக்காது. இரும்புச் சட்டி நன்றாகச் சூடான பிறகு எண்ணெய் விட்டு, காயைப் போட்டு ஒரு நிமிடம் கிண்டாமல் விட்டால் ஒட்டாது.

வெண்டைக்காய்க்கு இந்த முறை வேண்டாம், வழவழப்பு கூடும். இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துச் சாப்பிடும் தொக்குக்கும் ஒத்துவராது: அங்கே கெடாமல் காப்பதில் எண்ணெய்க்கும் பங்கு உண்டு.