வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் ஸ்டூல்: மலச்சிக்கலுக்கு உதவுகிறதா என்று வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்த்தால் பெரும்பாலும் வெஸ்டர்ன் டாய்லெட்தான். பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் காலமெல்லாம் குத்துக்கால் வைத்தே பழகிய பெரியவர்கள், பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகு "வயிறு சுத்தமா போகமாட்டேங்குது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். முழங்கால் வலி இருப்பதால் திரும்ப இந்தியன் டாய்லெட்டுக்குப் போகவும் முடியாது. காலுக்கு அடியில் வைக்கும் ஸ்டூல் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் தருவதில்லை. உங்களுக்கு எப்படி என்பதை ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தெரிந்துகொள்ளலாம்.

இப்போதும் இந்தியன் டாய்லெட்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை. ஸ்டூல் தரப் பார்க்கும் நிலையில் நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

படி 1: முதலில் இதைப் பாருங்கள்

மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, வயிறு உப்பி வாந்தி வருவது, 45 வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது: இதில் ஒன்று இருந்தாலும் ஸ்டூல் வாங்கப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

சாப்பிடுகிற மாத்திரைகளையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவும் நீண்டநாள் சர்க்கரை நோயும்கூட மலச்சிக்கலைக் கொண்டுவரும்.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது

மலக்குடல் ஆசனவாயோடு சேரும் இடத்தை ஒரு தசை கவண் வாரைப் போலப் பின்னாலிருந்து சுற்றி, முன்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த வளைவு இருப்பதால்தான் நம்மால் அடக்க முடிகிறது. தொடை வயிற்றை நோக்கி மடியும்போது தசை தளர்ந்து வளைவு நிமிர்கிறது.

2003இல் டோவ் சிகிரோவ் என்ற மருத்துவர் 28 பேரை வைத்துப் பார்த்தார். மலம் கழிக்க குத்துக்காலில் சராசரியாக 51 விநாடி ஆனது, உயரமான டாய்லெட்டில் 130 விநாடி. 2010இல் ஜப்பானில் 6 பேரிடம் அந்த வளைவையே அளந்தார்கள். சாதாரணமாக உட்கார்ந்தால் 100 டிகிரி, குத்துக்காலில் 126; டிகிரி கூடினால் வளைவு நிமிர்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்தபடி இடுப்பை மட்டும் மடக்கியவர்களுக்கு 99தான். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். லேசாகக் காலைத் தூக்கி வைத்தால் குத்துக்கால் ஆகிவிடாது.

2019இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 52 பேர் கால் ஸ்டூலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். முக்குவது குறைந்தது, முழுதாகப் போன உணர்வு கூடியது. ஆனால் இவர்கள் நோயாளிகள் இல்லை, ஆரோக்கியமானவர்கள். வருடக்கணக்கில் சிரமப்படுகிறவருக்கும் அதே பலன் வரும் என்று இதை வைத்து உறுதி சொல்ல முடியாது. நாமே சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 3: ஸ்டூல்

7 முதல் 9 அங்குல உயரம் போதும். நம் வீட்டு மணை மிகவும் தாழ்வு. செங்கல்லை அடுக்கினால் ஆடும். பிளாஸ்டிக் குளியல் ஸ்டூல் இருந்தால் அதையே எடுங்கள், விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஈர டைல்ஸில் அது வழுக்கும். கைத்தடி அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஸ்டூல் காலுக்குப் பொருந்துகிற அளவு பார்த்து மாட்டுங்கள். பெரியவர்களுக்கு சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். எழுந்திருக்கும் முன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிட வேண்டும், ஸ்டூலின் மேல் ஏறி எழக் கூடாது.

வெஸ்டர்ன் டாய்லெட்டின் விளிம்பில் ஏறிக் குந்தவே குந்தாதீர்கள். பீங்கான் உடைந்தால் ஆழமாகக் கிழித்துவிடும்.

படி 4: நோட்டு

முதல் இரண்டு வாரம் ஸ்டூல் வேண்டாம். எப்போதும் போலப் போங்கள், எழுதுங்கள். ஒரு நாள் வரி இப்படி இருக்கும்:

செவ்வாய், காலை 6.40, 12 நிமிடம், முக்கல் 2, வகை 3, மிச்சம் இருக்கிறது, ஸ்டூல் இல்லை.

முக்கலுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்: 0 என்றால் தானாகப் போனது, 3 என்றால் மூச்சைப் பிடித்து முக்கியது. வகை என்பது 1997இல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல். ஆட்டுப் புழுக்கை போல என்றால் 1, கட்டி கட்டியாக ஒட்டியது 2, மேலே வெடிப்போடு 3, வழவழப்பாக நீளமாக 4, அங்கிருந்து இளகிக்கொண்டே போய் 7 வெறும் தண்ணீர். போகாத நாளையும் எழுதுங்கள், அதை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்த இரண்டு வாரம் ஸ்டூலோடு. பிறகு இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள், மறுபடி இரண்டு வாரம் வையுங்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், புதுப் பொருள் மேல் உள்ள நம்பிக்கையையும் ஸ்டூலின் வேலையையும் பிரிக்க முடியாது.

இந்த எட்டு வாரமும் வேறு எதையும் மாற்றாதீர்கள். களி சாப்பிடுகிறவர் களியே சாப்பிடட்டும். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நடுவில் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. மாம்பழ சீசனில் தொடங்காதீர்கள் என்றும் சொல்வேன். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அந்த மாதங்களில் பழத்தை அளந்து சாப்பிடச் சொல்வது நடக்காது. மலமிளக்கி எடுப்பவர்கள் அதே அளவைத் தொடருங்கள்.

படி 5: உட்காரும் விதம்

இரண்டு பாதமும் ஸ்டூலில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட மேலே வர வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். வயிற்றை இறுக்காமல் மூச்சை விடுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையும், அதனால் காலை டிபனுக்குப் பின் போவது நல்லது. போன் வெளியே இருக்கட்டும்.

படி 6: கணக்குப் பார்ப்பது

ஸ்டூல் வைத்த வாரங்களையும் வைக்காத வாரங்களையும் தனித்தனியே கூட்டி, முக்கல், நிமிடம், 'மிச்சம் இருக்கிறது' எத்தனை முறை என்று ஒப்பிடுங்கள். வைத்த இரண்டு முறையும் குறைந்து, எடுத்தபோது கூடியிருந்தால் ஸ்டூல் உங்களுக்கு வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

வகை 1, 2 என்றே போய்க்கொண்டிருந்தால் சிக்கல் உட்காரும் விதத்தில் இல்லை, மலமே இறுகியிருக்கிறது. தண்ணீர், கீரை, களி, தேவைப்பட்டால் நிறையத் தண்ணீரோடு இசப்கோல் என்று அந்தப் பக்கம் பாருங்கள்.

மலம் வகை 4 ஆக மென்மையாக இருந்தும் முக்க வேண்டியிருக்கிறது, விரல் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அடக்கும் தசை தளர வேண்டிய நேரத்தில் இறுகுகிறதோ என்று பார்க்க வேண்டும். இதற்குத் தசைக்கு மறுபயிற்சி தரும் பயோஃபீட்பேக் சிகிச்சை இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குடல் நோய் மருத்துவரிடம் போங்கள். "எத்தனை நாளா, எப்படி?" என்று அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலேயே இருக்கும்.