அக்கா வீட்டு லேண்ட்லைனும் மத்தியான அழைப்புகளும்

மத்தியானம் இரண்டரை மணிக்கு, சாப்பிட்ட கையோடு அக்கா கூடத்தில் தலை சாய்ப்பாள். சரியாக அப்போதுதான் போன் அடிக்கும். முட்டிவலியோடு தரையில் கை ஊன்றி எழுந்துபோய் எடுத்தால், "மேடம், உங்களுக்கு அஞ்சு லட்சம் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்று ஒரு பெண்குரல். அக்காவுக்கு வயது எழுபத்துநான்கு. மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறாள். "முப்பத்திநாலு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தியே, இதை நிறுத்தத் தெரியாதாடா உனக்கு?" என்று கேட்டுவிட்டாள். மானப் பிரச்சினை. இரண்டு நாள் போய்த் தங்கினேன்.

முதல் நாள் நான் எதையும் தொடவில்லை, அவள் போன் பேசுவதை மட்டும் கவனித்தேன். "வீட்ல யாரும் இல்லம்மா, நான் மட்டுந்தான் இருக்கேன். சாயந்திரமா பண்ணுங்களேன்." வினையே இங்கேதான். அந்தப் பக்கம் இருப்பவர் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு முடிவைக் குறித்தாக வேண்டும்: வேண்டாம் என்றார், எடுக்கவில்லை, மறுபடி அழைக்க வேண்டும். அக்கா மரியாதைக்குச் சொன்ன 'சாயந்திரமா' நேராக மூன்றாவதில் போய் விழுகிறது. போதாததற்குத் தனியாக இருப்பதையும் சொல்லியாகிவிட்டது.

அதனால் அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். "வேண்டாம், இந்த நம்பரை உங்க லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க." சொன்னதும் வைத்துவிட வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. பெயரைக் கேட்டால் சொல்லக் கூடாது. 'அப்புறம்', 'பாக்கலாம்', 'பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்' எதுவுமே வாயில் வரக் கூடாது. "பாவம்டா அந்தப் பொண்ணு" என்றாள். பாவம்தான், திட்ட வேண்டாம். ஆனால் வாங்கப்போகாத ஆளிடம் ஐந்து நிமிஷம் பேசுவதைவிடப் பத்து நொடியில் முடிவது அந்தப் பெண்ணுக்கும் நல்லது.

சில அழைப்புகளில் எடுத்தால் பேச்சே இருக்காது. அக்கா இதைப் பேய்க் கணக்கில் சேர்த்திருந்தாள். பேயில்லை, இயந்திரம். ஒரே நேரத்தில் பல நம்பர்களை அது சுற்றும். யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களோடு பேச ஆள் போய்விடும். அடுத்து எடுத்தவருக்கு வெறும் மௌனம். 'ஹலோ ஹலோ' என்று கத்தாமல் வைத்துவிடலாம்.

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். கடை பில், பரிசுக் கூப்பன் என்று நாமே எழுதிக்கொடுத்தது ஒரு வழி. இன்னொரு வழிக்கு யாரும் எதையும் கொடுக்க வேண்டாம். லேண்ட்லைன் நம்பர்கள் வரிசையாக இருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு உரிய முன் இலக்கங்களை வைத்துக்கொண்டு கடைசி நான்கை 0000-இலிருந்து 9999 வரை ஓட்டினால் பத்தாயிரம் நம்பர் கையில்.

சரி, வேலைக்கு வருவோம். விளம்பர அழைப்பே வேண்டாம் என்று பதிய, லேண்ட்லைனிலிருந்தே 1909-ஐ அழையுங்கள். செல்போன்காரர்கள் எஸ்எம்எஸ் அனுப்பிப் பதியலாம், லேண்ட்லைனுக்கு இதுதான் எளிய வழி. காசு கிடையாது. வங்கி, காப்பீடு, கிரெடிட் கார்டு ஒரு வகை. வீடு மனை ஒன்று, கல்வி ஒன்று, சுகாதாரம் ஒன்று என்று வகை வகையாகவும் தடுக்கலாம், மொத்தமாகவும் தடுக்கலாம். அக்கா, "சுகாதாரம் இருக்கட்டுமே, ஆஸ்பத்திரிக்காரா கூப்பிடுவா" என்றாள். அது விளம்பரத்துக்கான வகை. நாம் வாங்கிய அப்பாயின்ட்மென்டைச் சொல்லக் கூப்பிடுவது இதில் சேராது. மொத்தத்தையும் தடுத்துவிட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டோம். நம்பர் மாறினால் மறுபடி பதிய வேண்டும்.

இதோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பதிவு செய்த விளம்பரக்காரர்கள் 140 என்று தொடங்கும் நம்பரில் அழைக்க வேண்டும் என்பது விதி, அவை குறையும். சாதாரணப் பத்து இலக்க செல் நம்பரிலிருந்து லோன் விற்பவன், இப்படித் தடுத்தவர்களின் பட்டியலையே பார்ப்பதில்லை. அவன்மேல் புகார்தான் கொடுக்க வேண்டும். புகாருக்கு அவன் நம்பர், தேதி, நேரம், என்ன சொன்னான் என்பது வேண்டும். அக்காவின் பழைய போனில் நம்பர் தெரியும் திரையே இல்லை. திரை உள்ள போன் ஒன்று வாங்கி மாட்டினேன். போன் மட்டும் போதாது, இணைப்பிலும் அந்த வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் நம்பர் வர ஒரு நொடி ஆகும், முதல் மணிக்கே பாய்ந்து எடுக்காதீர்கள்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, நூல் கட்டிய பேனா. நூல் முக்கியம், இல்லாவிட்டால் பேனா பால் கணக்கு எழுதப் போய்விடும். புகார் அழைப்பு வந்த 7 நாளுக்குள் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தும்வரை 3 நாள்தான் இருந்தது. புகாருக்கும் 1909-தான், அழைப்பு வந்த அதே போனிலிருந்து.

இன்னொரு ரகம் இருக்கிறது, அது தொல்லையில்லை, திருட்டு. "உங்கள் தொலைபேசி இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்" என்று பதிவு செய்த குரல் வரும். அழுத்தினால் போலீஸ், சிபிஐ, உங்கள் பெயரில் பார்சல் என்று கதை நீளும். டிராய் யாருக்கும் போன் செய்து இணைப்பை வெட்டுவதில்லை. போனிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் வையுங்கள். வங்கி என்று சொன்னால், பாஸ்புக்கில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். திரையில் தெரியும் நம்பரையும் போலியாகக் காட்ட முடியும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தொல்லை தாங்காமல் சிலர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். அது கொஞ்ச நேரத்தில் ஊளையிடும், அவசரத்துக்குக் கூப்பிடுகிற பிள்ளைக்கும் எங்கேஜ்டுதான் கேட்கும். போனுக்கு அடியிலோ பக்கவாட்டிலோ மணிச்சத்தத்தைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கும், அதைக் குறைத்து வையுங்கள். வீட்டு ஆட்களுக்குப் பழைய ஏற்பாடுதான்: இரண்டு ரிங் விட்டு, கட் பண்ணி, மறுபடி கூப்பிட வேண்டும். மத்தியானத்தில் அப்படி வந்தால் மட்டும் அக்கா எழுந்திருப்பாள்.

போன வாரம் போனபோது நோட்டைப் புரட்டினேன். முதல் மாதம் பதினேழு வரி, இந்த மாதம் நான்கு. நான்கில் ஒன்று என் நம்பர். 2.40 மணி என்று கண்ணாடி போடாமல் எழுதியிருக்கிறாள். இரண்டு ரிங் விட்டு வைக்க மறந்திருக்கிறேன்.