ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை வாங்கலாமா? கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு

பழைய கார் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். மீட்டரைக் குறைத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. சர்வீஸ் பில் கட்டோடு வரும் 1,20,000 கிமீ வண்டி, பில்லே இல்லாத 60,000 கிமீ வண்டியைவிட மேல் என்பது என் கட்சி.

சரி, ஒரு நோட்டை எடுங்கள். 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், விலை 2,50,000 என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எவ்வளவு ஓட்டுவீர்கள்? வருடம் 8,000 கிமீ, நான்கு வருடம் என்றால் 32,000. கீழே வரும் எல்லாச் செலவையும் இதால் வகுக்க வேண்டும்.

படி 2: திரும்ப விற்றால் 1,30,000 கிடைக்கும் என்றால், கரைவது 1,20,000. கிலோமீட்டருக்கு 3.75 ரூபாய்.

படி 3: முந்தைய ஓனர் உங்கள் தலையில் கட்டப் போகும் வேலைகள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலையில் போய், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை மதியம் போனேன். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது, புகை தெரியவில்லை. வாங்கிய பிறகு தினமும் காலையில் தெரிந்தது!

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். அப்புறம், நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை நிறைய இருந்தால், தண்ணீர் கலக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டயர், கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி எல்லாவற்றுக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் விலை கேட்டு எழுதுங்கள். 60,000 வந்தால் கிலோமீட்டருக்கு சுமார் 1.90. பேரம் பேசவும் இந்தப் பட்டியல்தான் ஆயுதம்.

படி 4: பேப்பர். சொந்தக் காரின் ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குத்தான். 2012 வண்டிக்கு 2027-இல் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதன் கட்டணமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் ஜிஎஸ்டியோடு வருடம் நாலாயிரத்தைத் தாண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது. எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 75 பைசா.

படி 5: வருடம் 6,000-க்கு சர்வீஸ் என்றால் இன்னொரு 75 பைசா. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்து, லிட்டருக்கு 17 கிமீ கொடுத்தால் சுமார் 5.50.

கூட்டினால் கிலோமீட்டருக்கு 12.65 ரூபாய்.

இப்போது படி 1-க்குத் திரும்பி 8,000-ஐ 4,000 ஆக்கிப் பாருங்கள். டயர், கிளட்ச் கொஞ்சம் மிச்சம். ஆனால் விலை கரைவதும் பேப்பர் செலவும் வண்டி ஷெட்டில் நின்றாலும் நிற்காது. 18, 19 ரூபாய்க்குப் போய்விடும். உங்கள் ஊர் கால் டாக்ஸி ரேட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் ஓனருக்குப் போன் போடுங்கள்.