செட்டிநாட்டு வீட்டில் இலவச டிஷ்: மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு

பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்கிறவர்களுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்து ஐயா வீட்டில் கொஞ்ச காலம் இருந்து பார்ப்போம் என்று வருகிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊரானாலும் சங்கதி ஒன்றுதான். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்து, மோட்டார் ஓடுகிறதா, கேஸ் வருகிறதா என்று பார்த்து முடித்த கையோடு வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, “டிவிக்கு என்ன ஏற்பாடு?”

கேபிள் இருக்கிறது, அரசு கேபிள் இருக்கிறது, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் டிடிஎச் இருக்கிறது. நாடகம் விடாமல் பார்க்கிற ஆச்சி ஒருவர் வீட்டில் இருந்தால் அவற்றில் ஒன்றை வாங்கிவிடுங்கள், வீண் பேச்சு வேண்டாம். ஆனால் வருஷத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் பினாங்கில் என்று இருப்பவர்களுக்குப் பூட்டிய வீட்டுக்கு ரீசார்ஜ் செய்வது தண்டம். அவர்களுக்கு என் சிபாரிசு டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் அரசு அமைப்பான பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது இது. சந்தா கிடையாது. டிஷ், பாக்ஸ், வயர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டு மூன்றாயிரத்துக்குள் ஒருமுறைச் செலவு, அவ்வளவுதான்.

என்ன வரும், என்ன வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருவதில் பெரும்பகுதி இந்திச் சேனல்கள். தமிழில் நிச்சயமாக உள்ளது டிடி தமிழ். நீங்கள் பொதிகை என்று அறிந்ததே 2024 ஜனவரி முதல் இந்தப் பெயரில் வருகிறது. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து உள்ளே வரும், ஏலத்தில் விட்டுவிட்டு வெளியே போகும். பாடம் நடத்தும் சேனல்கள் உண்டு, அகில இந்திய வானொலி நிலையங்களும் டிவியிலேயே கேட்கும். இந்திய அணி ஆடும் முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்களைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டமே வந்துவிட்டதால், ஆட்டம் பார்ப்பவர்களுக்குக் குறையில்லை. செய்தி, கர்நாடக சங்கீதம், கிரிக்கெட், வானொலி, இவை போதும் என்பவருக்கு இது தாராளம்.

மாடியில் இன்னும் நிற்கிற அலுமினிய ஆன்டெனாவை நம்ப வேண்டாம். கொடைக்கானல் கோபுரத்தைப் பிடிக்க நட்டது அது. அதற்கும் முன்னால் கடல் தாண்டி வந்த இலங்கை ரூபவாஹினிக்காக இன்னும் உயரமாக நட்டவர்களும் உண்டு. அந்த அனலாக் ஒளிபரப்பை அநேகமாக நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் சின்ன ஆன்டெனாவில் வசந்தம் பார்த்த டிவியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தால், அதன் ஆன்டெனா துளைக்கு இங்கே வேலையில்லை. மலேசியாவின் ஆஸ்ட்ரோ பாக்ஸுக்கும் இல்லை, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். மின்சாரம் ஒத்துப்போகும், பிளக் மட்டும் இங்கே உருண்டைக் கால். ஆன்டெனா நின்ற இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருந்தால் வெட்டி எடுத்து டிஷ்ஷுக்குக் கால் ஆக்கிக்கொள்ளலாம், நல்ல கனமான குழாய்கள் அவை.

சாமான் என்று பார்த்தால் 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று, டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி. ஒன்று, ஆர்.ஜி.6 வயர், எம்பெக்-4 பாக்ஸ். இந்தச் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15-இன் விவரங்கள் பாக்ஸில் பதிந்தே வரும். உங்கள் டிவியில் சாட்டிலைட் டியூனர் இருந்தால் பாக்ஸ்கூடத் தேவைப்படாமல் போகலாம், எல்.என்.பி. வகை கேட்டால் 9750/10600 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வயரை மட்டும் அளந்து வாங்குங்கள். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்பவை. முகப்பு மாடியில் டிஷ், கடைசிக் கட்டில் டிவி என்று வைத்தால் வயரிலேயே பாதிச் சிக்னல் கரைந்துவிடும். நூறு அடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒட்டுப் போடாதீர்கள்.

எங்கே வைப்பது

டிஷ்ஷைத் திருப்புவது அரை மணி நேர வேலை. வைக்க இடம் பிடிப்பதில்தான் செட்டிநாட்டு வீட்டில் தலைவலி எல்லாம் இருக்கிறது.

டிஷ் மாட்ட வருகிற தம்பி சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்ததும் கை நீட்டுவது முகப்பின் கைப்பிடிச் சுவரை. விடாதீர்கள். அது சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர். ஆங்கர் போல்ட் இறுக இறுகச் சாந்து பொடிந்து உதிரும். கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கஜலட்சுமியின் யானைத் துதிக்கைக்கு நேர் கீழே மூன்று போல்ட் அடித்திருந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் துளை வழியே ஈரம் இறங்கிப் பூச்சு உப்பி, துதிக்கை தனியாகப் பெயர்ந்து விழுந்துவிட்டது. அதைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் டிஷ் விலையைப் போலப் பல மடங்கு போயிருக்கும். ஓட்டுச் சாய்ப்பின் மேல் கால் வைக்கவும் விடாதீர்கள். நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்தது. ஒன்று உடைந்தால் எது உடைந்தது என்று தெரிய ஐப்பசி மழை வர வேண்டும்.

முகப்பில் மொட்டை மாடி இருந்தால் தளத்தைத் துளைக்காமல் வைக்க வழி உண்டு. வெல்டிங் பட்டறையில் சொன்னால் நாலு கால் சட்டம் ஒன்று அடித்துத் தருவார்கள். அதில் குழாயை நிறுத்தி, சட்டத்தின் மேல் ஹாலோ பிளாக் கற்களை ஏற்றிவிட்டால் ஆடிக் காற்றுக்கும் அசையாது.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் முற்றம். கேட்டால் சிரிப்பார்கள், நாலு பக்கமும் சுவர் இருக்கிற இடத்தில் டிஷ்ஷா என்று. கணக்கைப் பாருங்கள். ஜிசாட்-15 நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 69 பாகை உயரம், ஏறக்குறைய உச்சந்தலைக்குப் பக்கம். அவ்வளவு செங்குத்தாகப் பார்க்கிற டிஷ்ஷை எதிர்ச்சுவர் சுலபத்தில் மறைக்காது. டிஷ்ஷுக்கு மேல் 13 அடி உயரத்தில் தாழ்வார ஓட்டின் விளிம்பு இருந்தால், பார்க்கும் திசையில் 5 அடி விட்டு வைத்தாலே கணக்குப்படி போதும்; 7 அடி விட்டால் கவலையே இல்லை. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வேண்டிய வளவு முற்றத்தை விட்டுவிடுங்கள். இரண்டாம் கட்டு முற்றத்தின் வாயு மூலையில், அதாவது வடமேற்கில், ஒரு சட்டம் போட்டு நிறுத்தினால் தெருவிலிருந்து பார்க்கிற யாருக்கும் டிஷ் இருப்பதே தெரியாது, சரிசெய்ய ஏணியும் வேண்டாம். முற்றத்துக்கு மேல் கம்பி வலை கட்டியிருந்தால் மட்டும் இந்த யோசனை உதவாது.

இடம் சரிதானா என்று பார்க்கக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு வழி உண்டு. பங்குனி பிறந்த சமயத்திலும், அதாவது மார்ச் 16-ஐ ஒட்டியும், செப்டம்பர் 27-ஐ ஒட்டிப் புரட்டாசியிலும், காலை பதினொரு மணி வாக்கில் சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் முற்றத்தில் எங்கெல்லாம் வெயில் விழுகிறதோ அங்கெல்லாம் டிஷ் வைக்கலாம். அந்தச் சில நாட்களில் அதே நேரத்தில் படம் கொஞ்ச நிமிஷம் சிதறுவதும் சூரியனின் இரைச்சலால்தான். டிஷ் நகர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள், தானே சரியாகிவிடும்.

வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால், போல்ட் அடிக்கவில்லை, சும்மா சட்டம்தான் நிறுத்துகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சென்னையில் இருக்கிற அண்ணன் திருவிழாவுக்கு வந்து முதன்முதலாகப் பார்க்கும்படி வைக்கக் கூடாது.

திருப்புவது

திசை அக்னி மூலை. துல்லியமாகச் சொன்னால் வடக்கிலிருந்து 124 பாகை. சரியான தென்கிழக்கிலிருந்து சற்றுக் கிழக்கே தள்ளி. கோலாலம்பூரில் ஆஸ்ட்ரோ டிஷ் மேற்கைப் பார்த்து நின்றதே, இங்கே ஏன் கிழக்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்ட்ரோவின் கோள் 91.5 பாகையில், இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கோள்கள் வங்கக் கடலுக்குத் தெற்கே நடுவில் நிற்க, அவற்றுக்குக் கிழக்கே இருந்த நீங்கள் மேற்கே வந்துவிட்டீர்கள்.

போன் திசைகாட்டியில் பார்க்கும்போது இரும்புக் குழாயிலிருந்து நாலு அடி தள்ளி நின்று பாருங்கள், ஒட்டி வைத்தால் முள் பொய் சொல்லும். பக்கத்து வீட்டு டிஷ்களும் வழி காட்டும். டாடா பிளே டிஷ் 83 பாகைக் கோளைப் பார்ப்பதால் இன்னும் தெற்கே, இன்னும் நிமிர்ந்து இருக்கும். ஏர்டெல் 108.2, அது நன்றாகக் கிழக்கே சாய்ந்திருக்கும். சன் டைரக்ட் டிஷ்கள் 91.5-ஐயோ 93.5-ஐயோ பார்ப்பவை. அதில் ஒன்று கண்ணில் பட்டால் அதைப் போலவே உங்களுடையதை வைத்துவிட்டு நூல் பிடித்தாற்போல் சரிசெய்தால் போதும்.

முதலில் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறும், நாள் முழுக்கத் தேடினாலும் சிக்காது. அடுத்து உயரம். பிராக்கெட்டில் அளவு போட்டிருந்தால் 69-ல் வையுங்கள். மலிவு டிஷ்களில் எண் இருக்காது. அப்போது டிஷ்ஷின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு ஒரு நேர் பலகையை வைத்து, அதன் மேல் போனை வைத்துச் சாய்மானம் பாருங்கள். 45 பாகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 69 எங்கே போயிற்று என்று குழம்ப வேண்டாம். இந்த டிஷ்கள் ஏறக்குறைய 25 பாகை குனிந்தபடியே மேலே பார்க்கிற ஆஃப்செட் வகை.

இனிப் பாக்ஸைப் போட்டு சிக்னல் பக்கத்தைத் திறந்து, டிவியைப் பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள். கத்திக் கத்தித் தொண்டை வற்றுவதைவிட வீடியோ கால் மேல். உயரத்தை அப்படியே விட்டு, பக்கவாட்டில் மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக. இந்த டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று பாகைதான், விளிம்பில் ஒரு விரற்கடை தள்ளினாலே கோள் நழுவிவிடும். கொஞ்சம் தள்ளி, மூன்று விநாடி நின்று, மறுபடி தள்ளுங்கள். பாக்ஸ் கண்டுபிடிக்க அந்த அவகாசம் வேண்டும். கிடைக்காவிட்டால் உயரத்தை ஒரு பாகை மாற்றிக்கொண்டு மறுபடி ஒரு துழாவல்.

திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் எண்பது, தொண்ணூறு என்று காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம், வயர் சரியாக மாட்டியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. குவாலிட்டி கோடுதான் பேச வேண்டும். குவாலிட்டியும் ஏறி, ஆனால் ஸ்கேன் செய்தால் எல்லாம் பூட்டிய சேனலாக வந்தால் பக்கத்துக் கோளில் உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு பாகைதானே இடைவெளி.

படம் வந்ததும் பலரும் போல்ட்டை இறுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எல்.என்.பி.யை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் அலை இங்கே நன்றாகச் சாய்ந்து வந்து சேர்கிறது, கணக்குப்படி எல்.என்.பி.யையும் 55 பாகை அளவுக்குத் திருகி வைக்க வேண்டும். நேராக நிறுத்தினால் வெயில் நாளில் படம் வந்தாலும் மேகம் கூடினதும் கட்டம் கட்டமாக உடையும். பிடியைத் தளர்த்தி, குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள், எண் எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கே இறுக்குங்கள். இறுக்கும்போதும் எண் இறங்குகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிஷ் இழுத்துக்கொள்ளாது.

வயர் முனையில் கனெக்டர் போடும்போது உறைக்குள் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னலின் ஒரு இழைகூட நடுக் கம்பியைத் தொடக் கூடாது, அந்த வேலை முடியும்வரை பாக்ஸ் அணைந்திருக்கட்டும். எல்.என்.பி.யிலிருந்து வயர் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு வீட்டுக்குள் போகட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழாய்க்கு எர்த் கொடுத்துவிடுங்கள்.

மயிலுக்கு ஒரு வழியும் இல்லை. மொட்டை மாடி டிஷ் அதற்கு நல்ல சிம்மாசனம். வந்து உட்கார்ந்து எழுந்து போனால் குவாலிட்டி பத்துப் புள்ளி குறைந்திருக்கும். முற்றத்தை நான் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்ப விமானம் ஏறும் முன் பாக்ஸின் பிளக்கோடு டிஷ் வயரையும் பின்னாலிருந்து கழற்றிவிடுங்கள், ஐப்பசி கார்த்திகை இடி வயர் வழியாக டிவிக்குள் வரக்கூடியது. மறுபடி வந்து திறக்கும்போது ஏலத்தில் சேனல் வரிசை மாறியிருக்கும், ஒருமுறை ஆட்டோ ஸ்கேன் போட்டுவிட்டுப் பாருங்கள்.